கொழுந்து மலைகளுக்கும் மலசலகூடம் வேண்டும்

ஹற்றன், நுவரெலியா பகுதிகளின் தேயிலை மலைகளில் காலை முதல் மாலை வரை கொழுந்து பறிக்கும் பெண்களிற் பலர், இயற்கைக் கடன் கழிக்கத் தேயிலைச் செடிகளின் மறைவையே நாட வேண்டியுள்ளது. லயனுக்குச் சென்று திரும்பினால் கொழுந்தின் நிறை குறையும். குறைந்தால் அரைப்பேர்தான் விழும். இதற்கஞ்சித் தண்ணீர் அருந்துவதையே தவிர்ப்போர் உளர். மாதவிடாய் நாட்களில் அவர்கள் படும் அவதி சொல்லுந்தரமன்று.

இத்தகைய பிரச்சினைக்கு ஆபிரிக்க நகரங்கள் சில கண்ட வழியை நாம் நோக்குவது பயனுடையது. குழி தோண்டவோ கழிவுநீர்க் குழாய் பதிக்கவோ இயலாத சேரிகளில், கழிவைக் கொள்கலனிற் சேர்க்கும் மலசலகூடங்கள் வைக்கப்பட்டன. கென்யாவின் நைரோபியில் 2011 ஆம் ஆண்டு முதல் சனர்ஜி நிறுவனமும், கானாவின் குமாசியில் கிளீன் டீம் நிறுவனமும் இதனை ஒரு தொழிலாகவே நடத்தின. நிறைந்த கொள்கலன் அகற்றப்பட்டு வெற்றுக் கொள்கலன் வைக்கப்படும். நைரோபியில் சேகரிக்கப்பட்ட கழிவு பசளையாகவும் கால்நடைத் தீவனமாகவும் மாற்றப்பட்டது. குமாசியில் வீட்டார் மாதக் கட்டணம் செலுத்தினர். தவறாது வந்து அகற்றிச் செல்லும் சேவைக்காகவே மக்கள் பணம் கொடுத்தனர்.

அம்முறையை அவ்வாறே இங்கு பின்பற்ற முடியாது. இந்நாட்டில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அனைவரும் நீரால் சுத்தம் செய்பவர்கள். எனவே கழுவும் நீருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடங்களுக்கருகே இவற்றை வைத்தால், கொழுந்து ஏற்றும் லொறி செல்லும் பாதையிலேயே கழிவகற்றும் வண்டியும் செல்லலாம்.

செலவை ஏற்பது யார்? வேலைத்தளத்தில் நிற்கும் தொழிலாளியிடம் கட்டணம் கேட்பது நியாயமாகாது. 1992 இல் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற பெருந்தோட்டக் கம்பனிகளே அதனை ஏற்க வேண்டும். தோட்டங்களுக்குச் செலவிடப் பிரதேச சபைகளுக்குத் தடையாயிருந்த 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே கழிவகற்றும் பணியில் சபைகளும் பங்கேற்கலாம். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதனையும் சேர்த்து வலியுறுத்த வேண்டும்.

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் இணைந்தே களனி கங்கையாகின்றன. அந்நீரே கொழும்பு மக்களின் குடிநீருமாகின்றது. ஆகவே இது மலையகத்தின் கவலை மாத்திரமன்று. கொழுந்தின் நிறையை நாள்தோறும் கணக்கிடும் நிர்வாகங்கள், அதைப் பறிப்பவரின் மானத்தையும் கணக்கிற் கொள்ளுமா?