சிம்ப்சன்ஸ் கார்ட்டூனுக்கு மறைவான ஞானம் கிடையாது



உலகத்தில் ஏதாவது பெரிய சம்பவம் நடந்தால் போதும், நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மஞ்சள் முகக் கார்ட்டூன் படம் சுற்றத் தொடங்கிவிடும். "சிம்ப்சன்ஸ் எபிசோட்டில் இதை அப்பவே காட்டிவிட்டார்கள்" என்று கீழே எழுதியிருக்கும். கூடவே இலுமினாட்டி, தஜ்ஜால் என்று பயங்காட்டும் வொய்ஸ் ஒன்றும் வரும். வகுப்பில் பிள்ளைகள் "சேர், இது உண்மையா?" என்று கேட்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இது 1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய குடும்ப நகைச்சுவைத் தொடர். 700க்கும் மேற்பட்ட எபிசோட்கள் வந்துவிட்டன. அரசியலையும் அன்றாட வாழ்க்கையையும் கிண்டல் பண்ணுவதுதான் அதன் வேலை. இத்தனை வருசமாக எல்லாவற்றையும் பற்றி ஜோக் சொன்னால், ஒன்றிரண்டு பலிக்கத்தான் செய்யும்.

ட்ரம்ப் விசயத்தை எடுங்கள். அவர் ஜனாதிபதியாக இருந்ததாக 2000 மார்ச்சில் வந்த எபிசோட்டில் ஒரு வசனம் இருப்பது உண்மை. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே அவர் தேர்தலில் இறங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். செய்தியில் அடிபட்ட பெயரை வைத்துச் சொன்ன ஜோக் அது. அவர் எஸ்கலேட்டரில் இறங்கி வரும் படம் அந்த எபிசோட்டில் இல்லவே இல்லை. 2015 ஜூனில் அவர் இறங்கி வந்தார், அதைப் பார்த்து ஜூலையில் வரைந்தார்கள்.

கொரோனாவும் அப்படித்தான். 1993 எபிசோட்டில் வந்தது ஜப்பானிலிருந்து பார்சல் வழியாகப் பரவும் "ஒசாகா காய்ச்சல்". செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் "கொரோனா வைரஸ்" என்று எழுதியிருக்கும் படம் எடிட் பண்ணியது.

"கார்ட்டூன்தானே, இதில் என்ன நட்டம்?" என்று சிலர் கேட்பார்கள். நட்டம் கார்ட்டூனில் இல்லை, பார்த்தவுடன் நம்பி ஃபோர்வர்ட் பண்ணும் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த மாவுக் கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லி வீடியோ பரப்பினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரை இல்லை, மாவுதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பிறகு தெரியவந்தது. ஆனால் உடைந்தது உடைந்ததுதான். அந்த வீடியோவை ஃபோர்வர்ட் பண்ணியவர்களில் பலரும் "வந்ததைத்தானே அனுப்பினேன்" என்றுதான் நினைத்திருப்பார்கள். வதந்தியால் அடிபட்ட சமூகம் நாம். நம்ம போனிலிருந்து இன்னொரு வதந்தி போகலாமா?

மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் மட்டுமே என்பது நம் ஈமான். நம்பத்தகாதவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம். தஜ்ஜாலின் பெயரைச் சொல்லி எடிட் பண்ணிய படத்தைப் பரப்புவது மார்க்க சேவை ஆகாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை இப்படி ஒரு படத்தைக் காட்டினால் ஏசவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். "இது எந்த எபிசோட், எந்த வருசம் வந்தது?" என்று கேளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பாருங்கள். ஐந்து நிமிசம் போதும். பதில் கிடைக்காவிட்டால், அந்தப் படம் உங்கள் போனோடு நிற்கட்டும்.