பெரல்மானின் புகழ்

ருஷ்ய நாட்டுக் கணித சாஸ்திரியான தோழர் கிரிகோரி பெரல்மானின் பெயரைப் பத்திரிகை படிக்கிறவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். எதற்காகக் கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டால், "பத்து லட்சம் டாலரை வேண்டாமென்று சொன்ன மனிதரல்லவா?" என்பதற்கு மேல் பதில் வராது. அவருடைய தாடியைப் பற்றியும், தாயாரோடு சிறு வீட்டில் குடியிருப்பதைப் பற்றியும் பத்தி பத்தியாய் எழுதின பத்திரிகைக்காரர்கள், அவர் செய்த காரியத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, துறவி என்றும் முனிவர் என்றும் பட்டம் சூட்டிவிட்டார்கள்.

காரியம் என்னவென்றால், பந்தின் மேல் ஒரு கயிற்றைச் சுற்றிச் சுருக்கிட்டு இழுத்தால் அது நழுவி ஒரு புள்ளியாய்ச் சுருங்கிவிடும். உளுந்து வடையின் துவாரத்திற்குள் நுழைத்துக் கட்டிய கயிறோ வடையை அறுக்காமல் சுருங்காது. இந்த ஒரு லட்சணத்தைக் கொண்டே பந்தின் மேற்பரப்பை இன்னதென்று அறிந்துவிடலாம். இதற்கு ஒரு படி மேலான மூன்று பரிமாண உருவத்திலும் இப்படித்தானா என்று பிரெஞ்சுக்காரர் புவான்காரே 1904ல் கேட்டார். சுமார் நூறு வருஷம் விடையில்லை. 1982ல் அமெரிக்கர் ஹாமில்டன், உஷ்ணம் பரவிச் சமமாவதுபோல் உருவத்தின் கோணல்களும் சமமாகும்படியான ஒரு வழியைக் கண்டார். அவ்வழி சில இடங்களில் முறிந்து நின்றது. முறிவைத் தாண்டும் விதத்தை பெரல்மான் 2002 நவம்பர் முதல் 2003 ஜூலைக்குள் மூன்று கட்டுரைகளில் வெளியிட்டார்.

நிற்க. அக்கட்டுரைகளை யாரும் விழுந்து கும்பிடவில்லை. மூன்று கோஷ்டியார் வருஷக்கணக்காய் வரிவரியாகச் சோதித்தார்கள். அவரும் தனக்கு ஏதோ அருளப்பட்டதென்று சொல்லாமல், 2003ல் அமெரிக்கா சென்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். 2006ல் பீல்ட்ஸ் பதக்கம் வந்தது, மறுத்தார். 2010ல் பத்து லட்சம் டாலர் வந்தது; மறுத்தார். ஹாமில்டனின் பங்கு தன் பங்குக்குக் குறைந்ததல்லவென்றும், கணித உலகத்தாரின் தீர்ப்புகள் நியாயமற்றவையென்றும் காரணமும் சொன்னார்.

இதில் சந்நியாசம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம். இது ஒரு மனிதன் தொடுத்த வழக்கு. வாதியை முனிவராக்கிவிட்டால் பிரதிவாதிகள் பதில் சொல்ல வேண்டியதில்லையல்லவா? நல்ல உபாயந்தான்!

இன்னொரு சங்கதியையும் இப்புகழ் மறைத்துவிடுகிறது. அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்தில் மாஸ்கோ போன்ற பெரிய சர்வகலாசாலைகளின் கணிதப் பிரிவுகளில் யூதப் பிள்ளைகளைப் பரீட்சையின் பேரால் வடிகட்டி வெளியே தள்ளினார்கள். பெரல்மான் 1982ல் புடாபெஸ்ட் சர்வதேசப் போட்டியில் 42க்கு 42 வாங்கினார். அந்தக் கோஷ்டியில் இருந்ததால் லெனின்கிராட் சர்வகலாசாலையில் பரீட்சையில்லாமலே இடம் கிடைத்தது. கெட்டிக்காரத்தனமிருந்தும் 42 வாங்காத யூதப் பிள்ளைகளின் கதி என்ன? பிறந்த குலத்துக்காகக் கதவடைபட்ட அவர்களுடைய படத்தை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

ஹாமில்டன் 2024ல் காலமானார். பெரல்மான் யாருக்காக வாதாடினாரோ, அவருடைய பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?