யாருக்கு நடத்துகிறீர்கள் அகதிப் பாடம்?

திருப்பூரில் ஒரு மேல்நிலைப்பள்ளி. ஜூன் 20, உலக அகதிகள் தினம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டார்கள், போனேன். சுவரெல்லாம் முள்வேலி, படகு, அழுகிற குழந்தை. சிரியா, பாலஸ்தீனம், ரோஹிங்கியா என்று ஆசிரியர் வரிசையாகச் சொன்னார். தப்பில்லை, சொல்ல வேண்டியதுதான். அப்புறம் ஒரு பெண்ணை எழுப்பி நிறுத்தினார்.

"இவ முகாம் பொண்ணு. சொல்லும்மா, எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தீங்க?"

பிள்ளை தலை நிமிரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. 'ஸ்காலர்ஷிப் வாங்குற எஸ்.சி. பிள்ளைங்க எந்திரிங்க' என்று எங்களை வகுப்பில் நிறுத்தி வைத்தார்களே, அதே நிற்றல்தான் இது. பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பொருட்காட்சியில் வைக்கிறார்கள். கடைசியில் 'வந்தாரை வாழவைக்கும் தமிழகம்' என்று முடித்துக் கைதட்டச் சொன்னார்.

வந்தார் கதை இருக்கட்டும். போனார் கதையை யார் சொல்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, கங்காணி பின்னால் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நடந்தவர்களில் பெரும்பகுதி யார்? பறையர், பள்ளர், சக்கிலியர். நம் சனம். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இங்கே அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். இரண்டு வருடத்தில் மலையகம் என்ற சொல் வகுப்பறைக்குள் ஒருமுறைகூட வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் கேட்டுக்கு வந்தாள். நான் எதுவும் கேட்காமலே பேசினாள். "பாட்டி ஹட்டன் பக்கம் கொழுந்து பறிச்சதுங்கக்கா. 77 கலவரத்துல வவுனியாவுக்கு ஓடி, அப்புறமா படகு." அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். அப்பாவுக்கு பெயிண்ட் வேலை.

"நான் ஈரோட்டு ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன். நானும் அகதியாக்கா?"

என்ன சொல்ல? 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். 2004க்குப் பிறகு அந்த விதி இன்னும் இறுகிவிட்டது. 2019இன் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருக்கின்றன, இலங்கை இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறியது நல்லதுதான். இவள் கையில் இருக்கும் காகிதம் மாறவில்லையே.

கதி என்றால் புகலிடம். அது இல்லாதவர் அகதி. இலக்கணம் சரி. அந்தக் கதியைப் பிடுங்கியது யார் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கக் கூடாதா? ஒரிசாவிலிருந்து வந்து பக்கத்துச் சந்தில் அறை எடுத்துத் தங்கி, ஷிப்டுக்குப் போகிற அண்ணனையும் அவர்கள் தினம் பார்க்கிறார்கள். அவன் அகதி இல்லை, குடிமகன். அப்படியிருந்தும் அவனுக்கு ஏன் வீடு கொடுக்க மறுக்கிறார்கள் என்று கேட்டால் பாடம் கெட்டுப்போகுமா?

தலைமையாசிரியரிடம் இன்னொரு வகுப்பு கேட்டேன். அந்தப் பெண்ணை எழுப்பக் கூடாது, 1948இலிருந்து நானே நடத்துகிறேன் என்றேன்.

"போர்ஷன் முடிக்கணுங்க மேடம். அடுத்த வருசம் ஜூன் 20க்கு வாங்க" என்றார்.