ஏஸ் ஜோடி வந்தா என்ன பண்ணுவீங்க?

நம்ம ஊர் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். இங்கே நொய்டாவில் பொழுது சாய்ந்த பிறகுதான் தீபாவளியே. பூஜை முடிந்ததும் வீட்டுக்கு வீடு சீட்டுக்கட்டு வெளியே வரும். டிரான்ஸ்ஃபரில் ஊர் ஊராகச் சுற்றும் பேங்க்காரனான எனக்கு இது முதலில் அதிர்ச்சி, அப்புறம் பழக்கம்.

எங்கள் அபார்ட்மெண்டில் இப்போது தீன் பத்தி போய் போக்கர் டோர்னமெண்ட் வந்திருக்கிறது. காசு கிடையாது. ஆளுக்கு 5,000 பிளாஸ்டிக் சிப்ஸ். தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜெயித்தவருக்கு ஒரு கிலோ காஜு கத்லி. ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக, நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக. இந்த ஏழில் சிறந்த ஐந்தை வைத்திருப்பவர் ஜெயித்தார்.

2025 தீபாவளி ராத்திரி, ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கு இரண்டு ஏஸ்! 221 தடவைக்கு ஒரு தடவை வருகிற கை. நான் என்ன செய்தேன்? "சத்தம் போடாம இருந்தா எல்லாரும் மாட்டுவாங்க" என்று கணக்குப் போட்டு வெறும் 50 சிப்ஸ் வைத்தேன். அதே 50-க்கு இன்னும் நாலு பேர் உள்ளே வந்தார்கள். நடுவில் விழுந்தது 9, 8, 4. எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி கையில் 8-ம் 4-ம், அதாவது இரண்டு ஜோடி. நான் விடாமல் போட்டேன், அவரும் விடாமல் போட்டார். தங்கமணி மைசூர்பாகுத் தட்டோடு வருவதற்குள் நான் அவுட் :-)

பக்கத்தில் நின்ற பையன் (இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம்) கேட்டான்: "நல்ல சீட்டு வந்தும் எப்படிப்பா தோத்தீங்க?" நல்ல சீட்டை மோசமாக ஆடினேன் என்பதுதான் பதில்.

என் கட்சி இதுதான். டோர்னமெண்டின் ஆரம்பத்தில் பலமான கை வந்தால் ஒளித்து வைக்காதீர்கள், ஏற்றி ஆடுங்கள். கணக்கைப் பாருங்கள். ஏஸ் ஜோடிக்கு எதிரே எந்தச் சீட்டோ வைத்திருக்கும் ஒரே ஒருவர் இருந்தால், கடைசிவரை போனால் நாம் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். அப்படி நாலு பேர் இருந்தால் 56-தான். ஐந்து பேரானால் பாதிக்கும் கீழே. சும்மா இருந்து நாலு பேரை உள்ளே விட்ட நான், என் சொத்தை நானே ஏலம் விட்டேன். பிளைண்ட் 50 என்றால் 150 அல்லது 200 வைத்திருக்க வேண்டும். 8-ம் 4-ம் வைத்திருப்பவர் அந்த விலைக்கு உள்ளே வர மாட்டார். ஆரம்பத்தில் எல்லாரிடமும் சிப்ஸ் நிறைய இருக்கும், கையும் அரிக்கும். அதனால் ஏற்றினாலும் ஒருவராவது வருவார், கவலை வேண்டாம்.

"அப்ப முதல் ரவுண்டிலேயே மொத்தத்தையும் போட்டுடலாமே அங்கிள்" என்றான் மாடி வீட்டுப் பையன். அதுவும் தப்பு. 50 சிப்ஸைப் பிடிக்க 5,000-ஐக் காட்டினால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். இருந்து மோதுபவர் கையில் பெரும்பாலும் விஷயம் இருக்கும். முதல் மணியில் சிப்ஸை இரட்டிப்பாக்கினால் பரிசு கையில் வந்துவிடாது, ஆனால் தொலைத்தால் அதோடு சரி. ஏற்றி ஆடு, ஆனால் வெறும் ஒரு ஜோடியை நம்பி வீட்டை அடகு வைக்காதே. நம்ம ரம்மியில் மிடில் ஸ்கூட் என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும். ஆன்ட்டி இரண்டாவது தடவை ஏற்றியபோதே நான் ஸ்கூட் அடித்திருந்தால் பாதி சிப்ஸாவது மிஞ்சியிருக்கும்.

சரியாக ஆடினாலும் தோற்கலாம், அது வேறு. லாஸ் வேகஸில் 2017 உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். புகழ்பெற்ற ஆட்டக்காரர் வனெசா செல்ப்ஸ்ட் கையில் ஏஸ் ஜோடி, நடுவில் இன்னொரு ஏஸும் விழுந்து ஃபுல் ஹவுஸ். எதிரே காயெல் பௌமான் கையில் நாலு ஏழு! முதல் கட்டத்திலேயே செல்ப்ஸ்ட் வெளியே. அவரை யாரும் முட்டாள் என்று சொல்ல முடியாது. பேங்கிலும் அப்படித்தான். பேப்பரெல்லாம் சரியாகப் பார்த்துக் கொடுத்த லோன் வாராக்கடன் ஆனால் அது தொழிலின் ரிஸ்க். பார்க்காமல் கொடுத்த லோன் திரும்பி வந்தாலும் அது தப்பு லோன்தான்.

இதை இவ்வளவு மெனக்கெட்டு எழுதக் காரணம் என் மச்சினன். பெங்களூரில் வேலை. 2021-ல் போனில் பணம் கட்டி ஆட ஆரம்பித்தான். முதல் மாசம் நல்ல சீட்டாக வந்து கொட்டியது. அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டான். அப்புறம் நல்ல சீட்டு வந்தால் விட முடியவில்லை, வராவிட்டாலும் விட முடியவில்லை. ஸ்டேட்மெண்டை நான்தான் வரி வரியாகப் பார்த்தேன். 500, 500, 1,000, 2,000 என்று பக்கம் பக்கமாக டெபிட். கடைசியில் பர்சனல் லோன். மாமனார் பென்ஷனில் அடைத்தார். தங்கமணி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்து பார்லிமெண்ட் சட்டம் நிறைவேற்றியபோது நான் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை.

அப்புறம் ஏன் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்கிறீர்களா? ஆரம்பத்தில் வரும் நல்ல கை ஒரு வாய்ப்பு, வாக்குறுதி இல்லை. ஏஸ் ஜோடியைக் கீழே வைக்கத் தெரியாதவன் சீட்டைத் தொடவே கூடாது. இதைக் காஜு கத்லி வைத்தே கற்றுக்கொள்ளட்டும், சம்பளத்தை வைத்து வேண்டாம்.

டிஸ்கி: ஆன்ட்டி இரக்கப்பட்டுப் பாதி காஜு கத்லியை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தின்றது முழுக்கப் பையன்.