பெட்டிக்குள் ஆயிரம் ஆண்டு



தை பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு பொங்கல். ஒன்று நம் வீட்டு வாசலில். மற்றொன்று லோயர் கேம்ப்பில், பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தில். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். இந்த ஆண்டும் அங்கே பொங்கல் வைத்தார்கள். கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், கூடலூரில் நம் இதழின் நெடுநாள் வாசகர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். திராட்சைத் தோட்டக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர். காபி கொடுத்துவிட்டு, பீரோவைத் திறந்து சிறு பெட்டி ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

உள்ளே ஒரு வெள்ளி நாணயம். ஒரு பக்கம் அசோகத் தூண் சிங்கங்கள், மறுபக்கம் தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் எழுப்பிய கோயிலுக்கு 2010-இல் ஆயிரம் ஆண்டு நிறைந்ததற்காக மத்திய அரசு அச்சடித்த ஆயிரம் ரூபாய் நினைவு நாணயம் அது. 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை. நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு. இந்தியாவில் ஆயிரம் ரூபாய் மதிப்பில் வந்த முதல் நாணயம்.

“பேரனை தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால இதைத்தான் கையில குடுத்தேன். கோயிலைப் பார்த்ததும், ‘தாத்தா, நம்ம காசு’ன்னு கத்திட்டான்யா” என்றார் பெரியவர். அந்தச் சந்தோஷம்தான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

அவரிடம் இருந்தது ‘புரூஃப்’ நாணயம். கடையில் புழங்கும் காசு, எந்திரத்தில் ஒரே அடியில் அச்சாகி மூட்டையில் விழும். புரூஃப் நாணயம் அப்படி இல்லை. அச்சையும் காசு வில்லையையும் தனியாக மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தம் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். அதனால் வெற்றுப் பரப்பு கண்ணாடிபோல் மின்னும். உருவம் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக எழுந்து நிற்கும். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத் அரசு நாணயச் சாலைகள் இவற்றை முன்பதிவு செய்தவர்களுக்கு விற்கின்றன. முக மதிப்பைவிட விலை பல மடங்கு. புழக்கத்துக்கு விடப்படாதவை என்பதால் கல்லாப் பெட்டியில் இவற்றைப் பார்க்க முடியாது.

நிகழ்வைக் காசில் பதிப்பது நமக்குப் புதிதல்ல. கங்கைக் கரை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன், ‘கங்கைகொண்ட சோழன்’ என்று பெயர் பொறித்துக் காசு வெளியிட்டான். ஆயிரம் ஆண்டு கழித்து, 2025 ஜூலை 27 அன்று, அவன் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்திலேயே அவனுக்கு நினைவு நாணயம் வெளியிட்டார் பிரதமர். நம் மண்ணின் காசுக் கதை அதைவிடப் பழையது. போடிநாயக்கனூரில் வெள்ளி முத்திரைக் காசுகள் ஒரு புதையலாகவே கிடைத்திருக்கின்றன. அவற்றில் மீன் சின்னத்தைக் கண்ட அறிஞர்கள், பாண்டியர் வெளியிட்டவை என்கிறார்கள். ஏலக்காய் மணக்கும் அந்த ஊருக்குக் காசு பழக்கமாகி ஈராயிரம் ஆண்டு ஆகிவிட்டது.

‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பாண்டியர் செப்புக் காசை அடையாளம் கண்டு சொன்னவர், தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க இலக்கியம் சொன்ன பெயருக்கு உலோகச் சாட்சி கிடைத்தது ஒரு சேகரிப்பாளரின் கூர்ந்த பார்வையால். பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அதைச் செய்தார் என்பது எனக்குத் தனிப் பெருமை.

தங்கத்துக்கு வருவோம். நகைக்கடையில் நாம் கேட்கும் ‘பவுன்’, ‘சவரன்’ இரண்டுமே ஒரு நாணயத்தால் வந்த சொற்கள். பிரிட்டிஷ் தங்க நாணயமான சாவரின் ஏறக்குறைய எட்டு கிராம் எடையுள்ளது. அதனால்தான் இன்றும் எட்டு கிராம் ஒரு பவுன். 1918-இல் பம்பாயிலேயே அதை அச்சடித்தார்கள். நம் பாட்டிமார் காசுமாலையில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்ட காசுகளில் அதுவும் ஒன்று.

அந்தச் சாவரினுக்கு ஒரு வரலாறு உண்டு. 1887-இல் விக்டோரியா மகாராணியின் ஐம்பதாம் ஆட்சியாண்டுக்காக லண்டனில் புதிய முகம் பொறித்துத் தங்கத்திலும் வெள்ளியிலும் புரூஃப் நாணயங்கள் அச்சிட்டார்கள். அதே 1887-இல்தான் நம் மேற்கு மலைக் காட்டுக்குள் பெரியாறு அணை வேலை தொடங்கியது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். காட்டு வெள்ளம் கட்டியதை அடித்துப் போனது. மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களைக் கொண்டுபோயின. 1895 அக்டோபரில் அணை திறந்தபோது இந்தப் பள்ளத்தாக்கின் தலையெழுத்தே மாறியது. மகாராணியின் ஐம்பது ஆண்டுக்குத் தங்கம் கிடைத்தது. கல் சுமந்து சுண்ணாம்பு குழைத்து மாண்டவர்களுக்கு ஒரு செப்புக் காசும் இல்லை.

இதனால்தான் நினைவு நாணயத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: யாரை, எதை மறக்கக் கூடாது என்று இந்தக் காசு சொல்கிறது? சுதந்திர இந்தியா 1964-இல் நேரு மறைந்த ஆண்டில் முதல் நினைவு நாணயத்தை வெளியிட்டது. 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வெள்ளியில் பத்து ரூபாய் வந்தது. பிறகு நம் முகங்களும் வந்தன. 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர். நூற்றாண்டுகளுக்குக் காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர்., மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, கலைஞர். அண்ணா நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது.

வெள்ளி வாங்க வசதி இல்லையே என்று எந்தப் பிள்ளையும் ஏங்க வேண்டாம். அண்ணா, காமராஜர், பெரிய கோயில் ஆகியவை ஐந்து ரூபாய்க் காசாகவும் வந்தன. அவை தேனி பேருந்து நிலையத்திலும் சின்னமனூர் சந்தையிலும் சில்லறையாகவே கைக்கு வரலாம். கண்டக்டர் கொடுக்கும் காசைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்று போதும். சேகரிப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

பெட்டியில் வைத்திருப்போருக்குச் சில வார்த்தைகள். வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் துலக்குவதுபோல் நாணயத்தைத் துலக்கிவிடாதீர்கள். ஒரு தடவை தேய்த்தாலும் அந்தக் கண்ணாடி மெருகு திரும்பாது. நாணயத்தை அதன் உறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் விளிம்பைப் பிடியுங்கள். நம் ஊரில் சாரல் காலத்தில் ஈரம் சுவர் வழியே ஏறும்; அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போடுங்கள். வாங்கிய ரசீதையும் சான்றிதழையும் கூடவே வையுங்கள்.

முதலீடு என்று நினைத்து வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2023-இல் புதிய நாடாளுமன்றத் திறப்புக்கு வந்த 75 ரூபாய் நாணயம் 35 கிராம்; அதில் வெள்ளி பாதிதான். விலையை உலோகத்தால் மட்டும் கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ‘உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்’ என்று அழைப்பு வந்தால் உடனே துண்டியுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

கூடலூர்ப் பெரியவர் பெட்டியை மூடும்போது சொன்னார்: “எல்லாருக்கும் காசு போட்டாங்க. நமக்குச் சோறு போட்ட தண்ணிக்கு ஒண்ணு போடலையே.” அவர் மனக்குறை என் மனக்குறையும்தான். 2045-இல் பெரியாறு அணைக்கு 150 ஆண்டு நிறைகிறது. அணையும், மலை குடைந்த சுரங்கமும், பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கையும் பொறித்த வெள்ளி நாணயம் ஒன்று அன்று வர வேண்டும். அதைக் கேட்கும் குரல் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் எழ வேண்டும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் நினைவு நாணயம் இருந்தால், இந்த வாரம் ஒருநாள் சாப்பிட்டு முடித்தபின் பிள்ளைகளை உட்கார வைத்து அதன் கதையைச் சொல்லுங்கள். பிறகு அதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்