யாரை மக்கு என்கிறீர்கள்?



போன வாரம் வில்லியனூரில் ஒரு கல்யாண வீடு. அஞ்சாவது படிக்கிற மகனை எல்லார் முன்னாலும் ‘மக்கு’ என்றார் அப்பா. பையன் கணக்கை வாயாலேயே போடுகிறான். எழுதினால் ‘ட’, ‘ப’ ஆகிவிடுகிறது.

பாகூர்ப் பக்கம் என் வகுப்பிலும் அப்படி ஒருவன். நூறு தடவை எழுதச் சொன்னேன் (அப்போது எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்). எழுதினான், நூறும் தப்பு. அவன் சோம்பேறி இல்லை. அது டிஸ்லெக்சியா.

இதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது பள்ளியின் கடமை என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், எல்லாம் உண்டு. இதைச் சொல்லாமல் ‘டியூஷன் வையுங்கள்’ என்று அனுப்புவது என்ன நியாயம்? ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்களைத்தான் கேட்கிறேன்.