வரலாற்று மாந்தர்: ஆணையை மறுத்த தளபதி

படைவீரனுக்குக் கீழ்ப்படிதலே முதற் கடமை என்பர். ஆயினும் அக்கடமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று காட்டியவர், 1723-ஆம் ஆண்டு ஜெர்மானியப் பிரபு குலத்தில் தோன்றிய யோஹான் ஃபிரீட்ரிக் அடால்ஃப் ஃபான் டெர் மார்விட்ஸ். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் புகழ்மிக்க குதிரைப்படைப் பிரிவொன்றை நடத்தியவர் அவர்.

ஏழாண்டுப் போரின் இடையே, 1760-இல், சாக்சனியர் உள்ளிட்ட பகைப்படையினர் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க் அரண்மனையைச் சூறையாடினர். மன்னர் போற்றிய கலைச்செல்வங்கள் சிதைந்தன. பழிவாங்கக் கருதிய மன்னர், சாக்சனியின் ஹூபர்ட்டஸ்பர்க் அரண்மனையைக் கொள்ளையிடுமாறு மார்விட்ஸைப் பணித்தார். அச்செயல் கூலிப்படைத் தலைவனுக்குத் தகுமேயன்றித் தமக்குத் தகாதென அவர் மறுத்துவிட்டாராம். வேறோர் அதிகாரி 1761-இல் அதனைச் செய்து முடித்தார். மார்விட்ஸோ மன்னரின் அருளை இழந்தார். வெறுமையாக்கப்பட்ட அவ்வரண்மனையிலேயே 1763-இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று என்பது காலத்தின் விந்தை!

1781-இல் மார்விட்ஸ் மறைந்தார். பிற்காலத்தில் அவர்தம் உடன்பிறந்தார் மகன், ஃபிரீடர்ஸ்டார்ஃப் சிற்றூரில் நினைவுக்கல் ஒன்றை அமைத்தார். கீழ்ப்படிதல் பெருமை தாராதவிடத்து மன்னரின் வெறுப்பையே விரும்பி ஏற்றவர் என்னும் பொருள்பட அதில் பொறிக்கச் செய்தார்.

அவர் பொருத போர்கள் பலவும் மறக்கப்பட்டன. மறுத்த ஆணை ஒன்றே அவர் பெயரை நிலைநிறுத்திற்று.